வேறு நிறுவன டேக்கோமீட்டரை அதிர்வு அளவீட்டுக் கருவியுடன் இணைப்பது எப்படி?

சேலத்தைச் சுற்றியுள்ள நூற்பாலைகளிலும் ஆத்தூர்ப் பக்கத்து சேகோ ஆலைகளிலும் அதிர்வுக் கருவி ஒரு நிறுவனத்துடையதாகவும் டேக்கோமீட்டர் (சுழலும் தண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மின்துடிப்பு தரும் வேகமானி) வேறொரு நிறுவனத்துடையதாகவும் இருப்பது வழக்கம். கனெக்டர் பொருந்திவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று புதியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் பொருந்த வேண்டியவை இரண்டு: மின்னழுத்தம், மற்றும் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு துடிப்பு என்னும் கணக்கு. ஒரு நூற்பாலையில் பெல்ட்டில் ஓடும் காற்று விசிறியைச் சமநிலைப்படுத்தப் போவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் இரண்டு கருவிகளின் கையேடுகளையும் பார்த்து, அதிர்வுக் கருவியின் டேக்கோ உள்ளீடு எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பல கருவிகள் 0 முதல் 5 வோல்ட் வரையிலான துடிப்பை எதிர்பார்க்கின்றன. ஆலையில் கிடைக்கும் ஒளி சென்சாரோ (தண்டில் ஒட்டிய நாடாவில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கண்டு துடிப்பு தருவது) பெரும்பாலும் 24 வோல்ட்டில் இயங்குவது. அதன் பழுப்பு வயர் நேர்மின், நீல வயர் பூஜ்யம், கருப்பு வயர் சமிக்ஞை. அது பி.என்.பி. வகையானால் கருப்பு வயரில் ஏறத்தாழ முழு 24 வோல்ட்டும் வரும் என்பதால், 10 கிலோ ஓம் மின்தடையைத் தொடராகவும் அதைத் தாண்டி, கருவிக்குப் போகும் முனைக்கும் பூஜ்யத்துக்கும் இடையில் 2.2 கிலோ ஓம் மின்தடையையும் வைத்தால் அது 4.3 வோல்ட்டாகக் குறையும். என்.பி.என். வகை தானாக மின்னழுத்தம் தராது. 5 வோல்ட்டிலிருந்து சமிக்ஞை வயருக்கு 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்றை இணைத்தால்தான் துடிப்பு தெரியும்.

அடுத்து, மோட்டாரை நிறுத்தி, மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டிய பிறகு, பிரதிபலிப்பு நாடாவை ஒட்டுங்கள். நாடா விசிறியின் தண்டில் இருக்க வேண்டும். மோட்டார் புல்லியில் ஒட்டினால் அது வேறு வேகம், அந்தத் துடிப்பை வைத்து விசிறியின் பேஸ் கோணத்தை (துடிப்பு வந்த கணத்திலிருந்து அதிர்வு உச்சம் எத்தனை பாகை தள்ளி வருகிறது என்பதை) பார்க்கவே முடியாது. எண்ணெயையும் பஞ்சுத் தூசியையும் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் சூடேறிய தண்டில் நாடாவின் ஓரம் சீக்கிரமே எழும்பிவிடும். லேசர் ஒளியை நேர்க்குத்தாகப் பாய்ச்சாமல் சற்றுச் சாய்த்து வைத்தால், பளபளக்கும் தண்டிலிருந்து திரும்பும் ஒளி சென்சாரை ஏமாற்றாது.

அதிர்வுக் கருவியில் செருகுவதற்கு முன் தண்டைக் கையால் மெல்லச் சுழற்றி, சமிக்ஞை வயரை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். நாடா எதிரே வரும்போது மட்டும் மின்னழுத்தம் மாற வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தைச் சோம்பலால் தவிர்ப்பவர்கள்தான் உள்ளீட்டுச் சுற்றைப் பொசுக்குகிறார்கள்.

பிறகு செருகி, டிரிகர் அளவை (துடிப்பு என்று கருவி ஏற்கும் மின்னழுத்தத்தை) ஏறத்தாழ 2 வோல்ட்டிலும், சுற்றுக்குத் துடிப்பு என்பதை 1 என்றும் அமைத்து விசிறியை ஓட்டுங்கள். விசிறி 980 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 980 சுற்று) ஓடும்போது திரை 1960 காட்டினால், தண்டின் சாவிப்பள்ளமோ (புல்லியைப் பூட்டும் சாவி அமரும் பள்ளம்) கீறலோ இரண்டாவது துடிப்பைத் தருகிறது என்று பொருள். அமைப்பை 2 என்று மாற்றிச் சமாளிக்காதீர்கள். அத்துடிப்புகள் சம இடைவெளியில் வருவதில்லை என்பதால் வேகம் சரியாகத் தெரிந்தாலும் பேஸ் கோணம் தாவிக்கொண்டே இருக்கும். தண்டுக்கு மங்கிய கருப்பு வண்ணம் பூசுவதே தீர்வு.

ஸ்ட்ரோப் விளக்கின் (விட்டுவிட்டு மின்னி, சுழலும் பொருளை நின்றது போலக் காட்டும் விளக்கு) வெளியீட்டை டேக்கோ போல இணைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஸ்ட்ரோப் தன் சொந்தக் கடிகாரத்தில் மின்னும்போது அத்துடிப்புக்கும் தண்டின் நிலைக்கும் தொடர்பில்லை. நீங்கள் திருகி நிறுத்திய பிம்பம் மெல்ல நகர, பேஸ் கோணமும் உடன் நகரும். டேக்கோவின் துடிப்பால் ஸ்ட்ரோப்பை மின்னச் செய்து, அதே துடிப்பை அதிர்வுக் கருவிக்கும் கொடுப்பதே முறை. அப்போது சாவிப்பள்ளம் அசையாமல் தெரியும். விசிறி நின்றுவிட்டதாகவே கண் சொல்லும், எனவே காவல் மூடியைக் கழற்றாதீர்கள்.

மின்தடைகளைச் சிறு பெட்டியில் அடைத்து, அதன் மேல் ‘24 வோல்ட் சென்சாருக்கு மட்டும்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த ஷிப்டில் வருபவர் 5 வோல்ட் லேசர் டேக்கோவை அதில் செருகிவிட்டு, துடிப்பே வரவில்லை என்று உங்களைத் தொலைபேசியில் அழைக்காமல் இருப்பார்.