கறுப்பனின் இன்சுலினும் வேலூர் வெயிலும்

எங்கள் பூனை கறுப்பனுக்குச் சர்க்கரை நோய். ஓயாமல் தண்ணீர் குடித்தது, அள்ளி அள்ளித் தின்றும் இளைத்தது. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கிளார்ஜின் இன்சுலின் போடச் சொன்னார் கால்நடை மருத்துவர்.

ஊசி போடுவது பெரிய பாடில்லை. தட்டில் முகம் புதைந்திருக்கும்போது தோலைத் தூக்கிக் குத்தினால் திரும்பிக்கூடப் பார்க்காது. சாப்பிட மறுத்தால் மட்டும் ஊசி போடாமல் மருத்துவருக்கு போன் செய்வேன்.

எங்கள் வேலூர் சத்துவாச்சாரி வெயில்தான் தலைவலி. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும், கூடவே கரண்டும் போகும். திறக்காத கிளார்ஜின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்தது 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஐஸில் புதைக்கவும் முடியாது, உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

பிரிட்ஜின் காலி இடமெல்லாம் தண்ணீர் பாட்டில்களை அடுக்கினேன். கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர் நின்று பிடிக்கிறது. (பிள்ளைகளைத் திறக்காமல் இருக்கவைப்பது தனிக் கதை.) கரண்ட் நெடுநேரம் வராவிட்டால், பயன்பாட்டில் இருக்கும் குப்பிக்குப் பானை. பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. குப்பியை மூடிய டப்பாவில் போட்டு உள்ளே வைத்துவிடுவேன், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். நம்மூர் வறண்ட காற்றுக்கு ஈரம் வேகமாகக் காய்வதால் உள்ளே நன்றாகவே குளிர்கிறது. ஐப்பசி மழையில் இது சரிவராது. அப்போது தேவையும் இல்லை.

சிரிஞ்சு வாங்கும்போது யூ-100 (ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கானது) என்று பார்த்து வாங்குங்கள். கடையில் யூ-40-ம் (மில்லிக்கு 40 யூனிட்) இருக்கும். அதில் அளந்தால் கிளார்ஜின் இரண்டரை மடங்கு ஏறிவிடும்.