நாணாமை: மேடையில் இந்தச் சொல்லைத் தொடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மதுரையில் ஒரு பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். வெட்கங்கெட்டவன், சூடு சொரணை இல்லாதவன் என்று சொல்லிச் சலித்துப் போய், புதுச்சொல் கிடைத்த குஷியில் மூன்று பிள்ளைகள் திருக்குறளில் வரும் 'நாணாமை'யை, அதாவது வெட்கப்படாமையை, பிடித்துக்கொண்டார்கள். மூன்று பேரும் விழுந்தது, இருபது வருடத்துக்கு முன்னால் நான் விழுந்த அதே பள்ளத்தில். குறளை மறந்துபோய் முழிப்பது, சீர் மாற்றிச் சொல்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அதெல்லாம் தானாகச் சரியாகும்.

ஆமை இல்லை

நாண் + ஆமை என்று பிரித்து விளக்கம் கொடுக்காதீர்கள். கல்லாமை, செய்யாமை போல இது நாணுதலின் எதிர்மறை.

அயோக்கியனைத் திட்டும் சொல்லும் இல்லை

'நாணாமை நாடாமை நாரின்மை யாதொன்றும் பேணாமை பேதை தொழில்' என்பது 833ஆம் குறள். அது இருப்பது கயமை அதிகாரத்தில் அல்ல, பேதைமையில், அதாவது அறிவின்மையைப் பேசும் அதிகாரத்தில். பழிக்கும் பாவத்துக்கும் கூச வேண்டிய இடத்தில் கூசத் தெரியாதவன், அவ்வளவுதான். ஊழல்வாதியைப் பார்த்து இதைச் சொன்னால் பாதி மன்னிப்பும் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நாணாமையும் நாண்துறவும் ஒன்று என்று நினைப்பது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் தருவது. நாண்துறவு என்றால், இருக்கிற நாணத்தைக் காதலுக்காகக் கைவிடுவது. நான் புரட்டிய அகராதியில் இரண்டுக்கும் பக்கத்தில் வெட்கமின்மை என்றுதான் இருந்தது, அதை நம்பி மேலூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாப் பட்டிமன்றத்தில், கடனை வாங்கிவிட்டுத் திருப்பித் தராதவர்களையெல்லாம் 'நாண் துறந்தவர்கள், மடலேறிகள்' என்று விளாசினேன். கைதட்டல். பனைமடலில் குதிரை செய்து ஏறி, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, காதலுக்காக ஊர்த் தெருவில் வந்து நின்ற ஒருவன் எவ்வளவு வெட்கங்கெட்டவனாக இருக்க வேண்டும் என்று வேறு கேட்டேன்.

இறங்கியதும் ஒரு பெரியவர் வந்தார், பனையேறி. "தம்பி, பனங்கருக்குல ஒக்காந்து பாத்திருக்கியா? தொட கிழிஞ்சுரும். வெக்கமில்லாதவன் எதுக்குய்யா அதுல ஏறணும்? நேரா அந்தப் பிள்ள வீட்டு வாசல்ல நின்னு கத்திட்டுப் போகமாட்டானா?"

"இல்லைங்கய்யா..." என்று ஆரம்பித்தேன். மேற்கொண்டு வார்த்தை வரவில்லை. வீட்டுக்கு வந்து நாண்துறவைப் பேசும் குறளின் 114ஆம் அதிகாரத்தைத் திறந்தால், 1133 சொல்கிறது: 'நாணொடு நல்லாண்மை பண்டுடையேன் இன்றுடையேன் காமுற்றார் ஏறும் மடல்'. முன்பு என்னிடம் நாண் இருந்தது, இன்று மடல்தான் இருக்கிறது என்கிறான் காதலன். அதற்கு முந்திய குறளிலும் 'நாணினை நீக்கி நிறுத்து' என்றுதான் வருகிறது. நீக்க வேண்டுமென்றால் முதலில் இருக்க வேண்டும் அல்லவா? நாணாதவனுக்கு நீக்க எதுவுமே இல்லை. இவனோ கூசிக் கூசி, வேறு வழியில்லாமல், ஊர் சிரிக்கும் என்று தெரிந்தே ஏறுகிறான். குறுந்தொகை 17ஆம் பாட்டும் மடலையும் எருக்கங்கண்ணியையும் சொல்லிவிட்டு, 'மறுகின் ஆர்க்கவும் படுப' என்கிறது, அதாவது தெருவே ஆர்ப்பரிக்கும்படியும் ஆவார்கள். அந்தக் கூச்சல் காதில் விழுகிறவனைப் போய்க் கடன்காரனோடு சேர்த்துவிட்டேன்.

விஷயம் எங்கள் அணித் தலைவர் காதுக்குப் போனது. இரண்டு வருடம் அவர் அணியில் எனக்கு இடமில்லை. அப்போது கோபப்பட்டேன், இப்போது நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தால் நானும் அதையே செய்கிறேன், இந்தத் தவறுக்கு மட்டும் மதிப்பெண்ணை இரக்கமில்லாமல் வெட்டுகிறேன். போன மாதமும் மூன்று பேருக்கும் வெட்டினேன்.

நாணம் என்றதும் கல்யாணப் பெண்ணைக் கொண்டுவருவது

1011ஐப் படியுங்கள். செய்த காரியத்துக்காகக் கூசுவதுதான் நாணு, பெண்களின் கூச்சம் வேறு வகை என்று வள்ளுவரே பிரித்துவிட்டார்.

மரப்பாவைக் குறள்

மனத்தில் நாண் இல்லாதவர் நடமாடுவது, நாணால் ஆட்டப்படும் மரப்பொம்மை உயிருள்ளதுபோல் மயக்குவது மாதிரி என்கிறது 1020. இதில் முதல் நாண் வெட்கம், இரண்டாவது நாண் கயிறு, இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

உச்சரிப்பு

ஒரு பையன் நாணின்மையை 'நானின்மை' என்றே கடைசிவரை சொன்னான். நான் என்பதே இல்லாத நிலை என்றால் அது ஞானிகளின் விஷயம். அவன் திட்டிக்கொண்டிருந்ததோ லஞ்சம் வாங்குகிறவர்களை.