வெங்காயத் தோலில் வாக்குவோல் வேலை செய்வதைப் பார்ப்பது எப்படி?

வாக்குவோல், அதாவது செல்லுக்குள் சவ்வால் சூழப்பட்ட நீர்ப்பை, என்றதும் மாணவர்கள் செல் படத்தின் நடுவில் ஒரு வெற்று வட்டம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது மனசு கேட்பதில்லை. முதிர்ந்த தாவரச் செல்லில் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கும் மேல் இடம்பிடித்திருப்பது அதுதான். அதனால் முதலில் இதைச் செய்யச் சொல்வேன்.

வெள்ளை வெங்காயச் செதிலின் குழிந்த உட்பக்கத்திலிருந்து மெல்லிய தோலை இடுக்கியால் உரித்து, உடனே நீரில் போடுங்கள். 10 மில்லிகிராம் நியூட்ரல் ரெட் சாயத்தை 100 மில்லி நீரில் கரைத்து, சமையல் சோடா ஒரு சிட்டிகை சேருங்கள். நீர் லேசான காரத்தன்மையோடு இருந்தால்தான் சாயம் மின்னூட்டமின்றிச் சவ்வைக் கடக்கும். தோலை அதில் 10 நிமிடம் ஊறவைத்து, கழுவி, நுண்ணோக்கியில் பாருங்கள்.

செல்லின் நடுப்பகுதி முழுக்கச் சிவந்திருக்கும். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வாக்குவோலைச் சுற்றியுள்ள டோனோபிளாஸ்ட் சவ்வில் இரண்டு வகைப் பம்புகள் உண்டு. ஆற்றல் தரும் மூலக்கூறுகளில் ஒன்று ஏடிபியையும் மற்றது பைரோபாஸ்பேட்டையும் செலவழித்துப் புரோட்டான்களை (ஹைட்ரஜன் அயனிகளை) உள்ளே தள்ளுகின்றன. வாக்குவோலுக்கு வெளியே உள்ள செல்குழம்பான சைட்டோபிளாசத்தின் பிஎச் 7-ஐ ஒட்டியிருக்க, வாக்குவோலுக்கு உள்ளே சுமார் 5.5, அதாவது அமிலத்தன்மை அதிகம். நுழைந்த சாயம் புரோட்டானைப் பிடித்து மின்னூட்டம் பெறுகிறது, திரும்ப வெளியேற முடிவதில்லை.

சாயம் மாட்டிக்கொள்கிறது, சத்துக்களோ அதே புரோட்டான் சரிவை (உள்ளே அதிகம், வெளியே குறைவு என்ற வேறுபாட்டை) விலையாகக் கொடுத்து உள்ளே போகின்றன. ஒரு புரோட்டான் வெளியே வர, நைட்ரேட் உள்ளே நுழைகிறது. கால்சியத்துக்கும் இப்படிப் புரோட்டானோடு இடம் மாறும் ஒரு வாசல் உண்டு. மண்ணில் நைட்ரேட் குறைந்தால் சேமித்தது வெளியே வருகிறது. அதனால்தான் வாக்குவோலின் இருப்பு ஏறி இறங்கினாலும் சைட்டோபிளாசத்தில் உள்ள நைட்ரேட்டின் அளவு அவ்வளவாக மாறுவதில்லை.

அப்புறம், இன்னொரு தோலைக் கொதிநீரில் ஒரு நிமிடம் வைத்து அதே சாயத்தில் போடுங்கள். கொதிநீரில் செல்கள் இறந்துவிடும், உயிருள்ள தோலோடு ஒப்பிடத்தான் இது, விட்டுவிடாதீர்கள். என் முதல் முயற்சியில் தோல் மேசையிலேயே காய்ந்து இறந்துவிட்டது. சாயம் உட்கருவிலும் செல்சுவரிலும் ஒட்டியிருந்ததை வாக்குவோல் என்று நம்பி வரைந்துவிட்டேன். இறந்த செல்லில் சரிவு இல்லை, சேமிப்பும் இல்லை.

கடைசியாக, உயிருள்ள தோலின் ஓரத்தில் 5 விழுக்காடு உப்புநீரை ஒரு சொட்டு விட்டு, மறுபக்கம் வடிதாளால் உறிஞ்சுங்கள். சிவந்த பை சுவரை விட்டு விலகிச் சுருங்கும். சீக்கிரமே நல்ல நீர் விட்டால் மெல்ல விரிந்து மறுபடி சுவரைத் தொடும்.