டிரெய்லர் கூரையில் விசிறி மாற்றப் போகிறீர்களா? முதலில் தண்ணீரை நினையுங்கள்

எங்கள் டிரெய்லர் 16 அடி நீளம். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு. 2004-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் பழையதாக வாங்கினோம். கூரையின் நடுவில் சதுரமாக ஒரு திறப்பு, அதன்மேல் கையால் சுழற்றித் திறக்கிற பிளாஸ்டிக் மூடி, மூடிக்கடியில் 6 அங்குல விசிறி ஒன்று. அந்த விசிறி சத்தம் போட்ட அளவுக்குக் காற்றை வெளியே தள்ளவில்லை. அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது கார்னர் ஸ்டேட் பார்க்குக்குப் போனோம். ஃப்ரியோ ஆற்றங்கரை, ஜூலை மாதம். இரவுச் சமையலுக்கு அம்மா எண்ணெயில் மிளகாய் கிள்ளிப் போட்டார். அடுத்த நிமிடம் எல்லோரும் இருமிக்கொண்டு வாசற்படிக்கு ஓடினோம். பத்தரை மணிக்கும் உள்ளே நெடி அடங்கவில்லை. அம்மாவுக்கு வீசிங் உண்டு; பாதி இரவு வெளியே மடக்கு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த அக்டோபரிலேயே விசிறியை மாற்றினேன். மாற்றியது நான்தான், உதவிக்கு என் மகன்.

இந்த வேலையில் மின்சாரம் எளிது, விசிறியைப் பொருத்துவதும் எளிது. கூரையில் இருக்கும் ஓட்டையை மறுபடி மழை புகாமல் மூடுவதுதான் முழு வேலையும். இந்த வண்டிகளை அழிப்பது தூரமோ வயதோ அல்ல, கூரை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீர். ஒரு நாள் வேலை என்றால் அதில் முக்கால் நாளைச் சுரண்டுவதற்கும் துடைப்பதற்கும் அடைப்பதற்கும் ஒதுக்குங்கள்.

எந்த விசிறி வாங்குவது? அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பாலும் கூரைத் திறப்பு 14-க்கு 14 அங்குலம். இருந்தாலும் உள்பக்க அலங்காரச் சட்டத்தைக் கழற்றி, மரத்திலிருந்து மரத்துக்கு அளந்து பாருங்கள். மூலைக்கு மூலையும் அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் 20 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, ஒன்றுக்கொன்று சமமாக இருந்தால் சதுரம் கோணவில்லை என்று பொருள். இந்தத் திறப்பில் 12 அங்குல விசிறி உட்காரும். 6 அங்குலத்திலிருந்து 12-க்குப் போனால் விட்டம் இரண்டு மடங்கு, காற்று கடக்கும் பரப்பு நான்கு மடங்கு. மேக்ஸ்ஃபேன், ஃபேன்டாஸ்டிக் வென்ட் ஆகிய இரண்டும் இங்கே அதிகம் புழங்குபவை. உச்ச வேகத்தில் இரண்டுமே நிமிடத்துக்கு ஏறக்குறைய 900 கன அடி காற்றைத் தள்ளக்கூடியவை. எங்கள் வண்டியின் உள்ளளவு 13 அடி நீளம், 7 அடி அகலம், ஆறரை அடி உயரம். பெருக்கினால் 600 கன அடிகூட வராது. கணக்குப்படி ஒரு நிமிடத்துக்குள் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் மாறிவிடும்.

நான் மேக்ஸ்ஃபேன் எடுத்தேன், காரணம் மழை. அதன் மூடியே குடை போலக் கவிந்திருப்பதால் மழை பெய்யும்போதும் திறந்து வைத்து ஓட்டலாம். வாங்குமுன் கூரையில் ஏறி, மூடி விரியும் இடத்தில் ஏசியோ ஆன்டெனாவோ இடிக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய தட்டை மூடியைவிட இது நீளமாகப் படுக்கும்.

விசிறி தவிர வாங்க வேண்டியவை: ஓர் அங்குல அகலத்தில் பியூட்டைல் டேப் (பிசின் போல ஒட்டும் ரப்பர் நாடா) ஒரு சுருள், கூரைக்கென்றே விற்கும் தானாகப் பரவும் சீலன்ட் (இடுக்குகளை அடைக்கும் பசை) இரண்டு குழாய் (நான் டைகார் பயன்படுத்தினேன்), ஐசோபுரொபைல் ஆல்கஹால், பிளாஸ்டிக் சுரண்டி, கிரிம்ப் கனெக்டர்கள் (கம்பிகளை உள்ளே வைத்து அழுத்தி இணைக்கும் குழல்கள்), மின்சாரம் அளக்க மல்டிமீட்டர், துருப்பிடிக்காத திருகாணிகள். சிலிக்கான் மட்டும் வேண்டாம். எங்களுக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் கசிவு கண்ட இடத்திலெல்லாம் சிலிக்கானை அப்பியிருந்தார். ரப்பர் கூரையில் அது சரியாகப் பிடிப்பதில்லை, ஓரம் தூக்கிக்கொள்ளும். அதன்மேல் வேறு எதுவும் ஒட்டவும் ஒட்டாது. அதைச் சுரண்டவே எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

மழையில்லாத இரண்டு மூன்று நாட்களைத் தேர்ந்தெடுங்கள். குளிரில் சீலன்ட் சரியாகப் பரவாது; 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலே இருப்பது நல்லது. டெக்சாஸ் கோடையில் கூரை தோசைக்கல்தான், ஆகவே அக்டோபர் காலை எனக்கு வசதியாக இருந்தது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நான்கு மூலை ஜாக்கிகளையும் இறக்கி, வண்டி ஆடாமல் நிறுத்துங்கள். சின்ன வண்டிகளின் கூரை ஆள் நடக்கக் கட்டியது அல்ல. நான் ஒரு பிளைவுட் பலகையைக் குறுக்குச் சட்டங்களின்மேல் பரப்பி, அதில் முழங்காலிட்டு வேலை செய்தேன். ஏணியை மகன் பிடித்துக்கொண்டான்.

அடுத்து மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பேட்டரியைக் கழற்றினால் மட்டும் போதாது. வண்டியின் கேபிள் வீட்டு மின்சாரத்தில் செருகியிருந்தால், உள்ளே இருக்கும் கன்வெர்ட்டர் அதை மாற்றி 12 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டையும் எடுத்துவிட்டு மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கம்பியைத் தொடுங்கள்.

பழைய வென்ட்டைச் சுற்றி இருக்கும் சீலன்ட்டுக்கடியில் திருகாணிகள் ஒளிந்திருக்கும். தலைமுடி உலர்த்தியால் லேசாகச் சூடேற்றினால் சீலன்ட் இளகும். பிளாஸ்டிக் சுரண்டியால் மெதுவாகத் தள்ளி எடுக்கலாம். இரும்புக் கத்தி வைத்தால் ரப்பர் கிழியும். திருகாணி எல்லாம் வந்த பிறகு தட்டையான நெம்புகோலால் ஓரத்தை ஒவ்வொரு பக்கமாகத் தூக்குங்கள், ஒரே பக்கத்தில் அழுத்த வேண்டாம். மீதிப் பிசினை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். பெட்ரோலும் தின்னரும் ஆகாது. ரப்பர் கூரை அவற்றைக் குடித்து ஊதிப்போகும்.

திறப்பு காலியானதும் சுற்றிலும் இருக்கும் மரச்சட்டத்தை ஒரு திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது. எங்கள் வண்டியில் மூன்று பக்கம் மரம் டக்டக்கென்று கெட்டியாக இருந்தது. பின்பக்கத்து வலது மூலையில் திருப்புளி, டீயில் ஊறிய ரஸ்கில் இறங்குவதுபோல் இறங்கியது. வெளியே இழுத்தபோது நுனியில் கறுப்பாக ஈர நார் ஒட்டியிருந்தது, பழைய கிணற்றடி வாசனை. மேலிருந்து பார்த்தபோது அந்த மூலை வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. வெறுமனே புதிய விசிறியை அதன்மேல் திருகியிருந்தால் திருகாணிக்குப் பிடிமானமே இருந்திருக்காது. எட்டு அங்குல நீளத்துக்கு அழுகலை வெட்டி எடுத்தோம். மேலே நீலத் தார்ப்பாய் கட்டி, உள்ளே மேசை விசிறி வைத்து, இரண்டு நாள் காயவிட்டோம். பிறகு அதே அகலத்தில் பைன் மரத்துண்டை மரப்பசையும் திருகாணியும் வைத்துப் பொருத்தினேன். உங்கள் வண்டியில் அழுகல் கையளவைத் தாண்டிக் கூரைப்பலகைக்குள் போயிருந்தால் விசிறியை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் கூரையைச் சரிசெய்யுங்கள்.

மேக்ஸ்ஃபேனில் முதலில் ஒரு வெற்றுச் சட்டத்தைக் கூரையில் திருக வேண்டும். விசிறி அதற்குள் பிறகு இறங்கும். டேப் ஒட்டாமல் சட்டத்தை ஒருமுறை வைத்துப் பார்த்துப் பென்சிலால் கோடு போடுங்கள். திசையையும் அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். மூடியின் வாய் வண்டியின் பின்பக்கம் பார்க்க வேண்டும். முன்பக்கம் வைத்தால் நெடுஞ்சாலைக் காற்று அதைப் பிய்க்கப் பார்க்கும்.

இனி டேப். சட்டத்தின் அடிப்பக்கம் சுற்றிலும் இடைவெளி விடாமல் ஒட்டி, தொடங்கிய இடத்தில் முடிவை ஓர் அங்குலம் மேலேற்றி அழுத்துங்கள். மூலையில் இழுத்து நீட்டினால் மெலிந்துவிடும், அதனால் தளர்வாகத் திருப்புங்கள். சட்டத்தைக் கோட்டில் வைத்து, எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றித் திருகுங்கள். எங்கும் ஒரே அளவில் சாம்பல் நிறப் பிசின் ஓரத்தில் பிதுங்கி வர வேண்டும். ஓரிடத்தில் நிறையவும் இன்னோரிடத்தில் ஒன்றுமே இல்லாமலும் வந்தால் சட்டம் வளைந்திருக்கிறது. பேட்டரி டிரில்லால் இறுக்காதீர்கள். கடைசிச் சுற்றுகளைக் கையால் கொடுத்தால்தான் எங்கே நிறுத்துவது என்று மணிக்கட்டுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் கழித்து டேப் படிந்திருக்கும், அப்போது இன்னொரு கால் சுற்று. பிதுங்கியதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் வெட்டிவிட்டு, ஒவ்வொரு திருகாணித் தலையின்மேலும், சட்டத்தின் ஓரம் முழுவதும் சீலன்ட்டை ஊற்றுங்கள். இட்லி மாவு தட்டில் பரவுவதுபோல் அதுவாகவே பரவும், விரலால் தேய்க்க வேண்டியதில்லை. சரிவான கூரையாக இருந்தால் வழியாத வகை சீலன்ட் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

கம்பி விஷயத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை. கார் வேலை தெரிந்தவர்களுக்குக் கறுப்பு என்றால் நெகட்டிவ் என்று கை தானாகப் போகும். எங்கள் வண்டியில் 12 வோல்ட் பாசிட்டிவ்தான் கறுப்பு, நெகட்டிவ் வெள்ளை; அமெரிக்க டிரெய்லர்களில் இது சாதாரணம். நிறத்தை நம்பாமல், ஒரு நிமிடம் பேட்டரியை இணைத்து மீட்டரில் எது பாசிட்டிவ் என்று பார்த்துக் குறித்துவிட்டு, மறுபடி கழற்றுங்கள். விசிறியின் கம்பிகளைக் கையேடு சொல்கிறபடி கிரிம்ப் கனெக்டரில் அழுத்தி, ஒவ்வொன்றையும் பலமாக இழுத்துப் பாருங்கள். முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுவது வீட்டுச் சுவரில்கூடச் சரியில்லை. ஓடும் வண்டியில் அந்த இணைப்பு நிச்சயம் தளரும். பழைய இணைப்பு கூரை விளக்குகளோடு ஒரே ஃபியூஸைப் பகிர்ந்துகொண்டிருக்கலாம். விசிறிக்குக் கையேடு குறித்த அளவில் தனி ஃபியூஸ் ஒன்றைக் கம்பியிலேயே வைத்துவிடுங்கள்.

உள்பக்கச் சட்டம் நீளமாக வரும், கூரையின் கனத்துக்கு ஏற்ப வெட்ட வேண்டும். கால் அங்குலம் கூடுதலாகவே வெட்டி, வைத்துப் பார்த்து, பிறகு மீதியை எடுங்கள்.

சீலன்ட் ஒரு முழு நாள் காய்ந்த பிறகு தோட்டக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மகன் மேலே தண்ணீர் விட, நான் உள்ளே டார்ச்சோடு அந்த வலது மூலையைப் பார்த்தபடி பத்து நிமிடம் நின்றேன். விரலால் தடவினேன், காய்ந்தே இருந்தது.

பயன்படுத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தால் விசிறி தனக்குப் பக்கத்து ஜன்னலிலிருந்து காற்றை எடுத்துக்கொள்ளும், படுக்கைப் பக்கம் அசைவே இருக்காது. தூரத்தில், நிழல் பக்கத்தில் இருக்கும் ஒரே ஜன்னலைத் திறந்து, விசிறியை வெளியே தள்ளும் திசையில் ஓட்டுங்கள். ஒரு டிஷ்யூத் தாளைக் கிழித்து அந்த ஜன்னல் கம்பிவலையில் பிடித்தால் அது உள்நோக்கிப் படபடக்க வேண்டும். எல்லாவற்றையும் மூடிவிட்டு விசிறியை மட்டும் ஓட்டவே ஓட்டாதீர்கள். எங்கிருந்தாவது காற்றை இழுக்கத்தான் செய்யும். கேஸ் ஃப்ரிட்ஜின், ஹீட்டரின் புகைபோக்கி வழியாகக் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரக்கூடும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் தேதி முடியவில்லையே என்று பாருங்கள், அவற்றுக்கும் ஆயுள் உண்டு.

தாளிப்பதற்கு எண்ணெய் வைக்கும் முன்பே விசிறியைப் போட்டுவிடுகிறோம். நெடி எழுந்த பிறகு போட்டால் அது மெத்தையிலும் திரையிலும் ஏறிவிட்டிருக்கும்.

விசிறி ஏசி அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். வெளியே இருக்கும் வெப்பத்துக்குக் கீழே அது இறக்காது. கால்வெஸ்டனில் கடலோர ஈரக்காற்று இரவெல்லாம் புழுங்கும். அங்கே உடம்பில் படுகிற காற்றோட்டம் மட்டுமே லாபம். மேற்கு டெக்சாஸின் டேவிஸ் மலைப்பகுதியில் காற்று வறண்டு, இரவு குளிர்ந்து இறங்கும். அங்கே மூன்றாவது வேகத்திலேயே போர்வை தேடினோம். குறைந்த வேகத்தில் என் மீட்டர் அரை ஆம்பியருக்குக் கீழே காட்டியது, அதாவது எட்டு மணி நேரத்துக்கு 4 ஆம்பியர்-மணிகூட இல்லை. உச்ச வேகத்தில் அது 3 ஆம்பியரைத் தொட்டது; இரவு முழுவதும் ஓட்டினால் 24. எங்களுடைய 80 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுப்பது நல்லதல்ல என்பதால், மின்சாரம் இல்லாத முகாம்களில் படுக்கும் நேரத்தில் வேகத்தைக் குறைத்துவிடுகிறோம்.

மார்ச்சிலும் அக்டோபரிலும் கூரையில் ஏறி, சீலன்ட்டில் முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். மூலைகளை விரலால் அழுத்திப் பார்க்கிறேன், முக்கியமாகப் பின்பக்கத்து வலது மூலையை. விரிசல் தெரிந்தால் ஆல்கஹாலால் துடைத்து அதே சீலன்ட்டை மேலே ஒரு கோடு விடுகிறேன். அதற்காக ஒரு குழாய் எப்போதும் வண்டியின் கருவிப் பெட்டியில் இருக்கிறது.