தலைவலிக்கு மாத்திரை தேடாதீர்கள், குழாயைப் பாருங்கள்

கழுத்தின் ஆறாவது எலும்பு மட்டத்தில் எனக்குத் தண்டுவடம் சேதமாகிவிட்டது. கை கால் முடங்கியதைப் பார்த்தவுடனே யாரும் புரிந்துகொள்கிறார்கள். ரத்த அழுத்தம், வியர்வை, உடல் சூடு என்று தானாக நடக்க வேண்டியவை தடுமாறுவது வெளியே தெரிவதில்லை. சட்டென்று உயிருக்கு உலை வைப்பது அதுதான்; அதிலும் அழுத்தம் திடீரென எகிறும் ‘ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா’. எனக்கு உதவ வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பதை எழுதுகிறேன். தண்டுவடம் பாதிக்கப்படாத கழுத்துச் சுளுக்குக்கு இது பொருந்தாது.

ரத்தக் குழாய்களை இறுக்கும் நரம்புகள், மார்பு மட்டத்திலும் அதற்குச் சற்றுக் கீழும் தண்டுவடத்திலிருந்து கிளம்புகின்றன. மூளையின் கட்டளை கழுத்து வழியாக இறங்கித்தான் அவற்றை அடைய வேண்டும். என் சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்தாலும் எனக்கு உறைக்காது. காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடத்துக்கு உறைக்கும். கேட்பாரில்லாத அது, கீழ்ப்பகுதி ரத்தக் குழாய்களை இறுக்கிவிடுகிறது. அழுத்தம் எகிறுகிறது. தண்டுவடத்துக்குள் நுழையாமல் தனிப்பாதையில் இறங்கும் வேகஸ் நரம்பு வழியே மூளை இதயத்துடிப்பைக் குறைத்துப் பார்க்கும்; கீழே உள்ள இறுக்கத்தைத் தளர்த்த அதற்கு வழியில்லை. மார்புப் பகுதியின் ஆறாவது எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் சேதமானவர்கள் அனைவரும் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகமும் கழுத்தும் சிவந்து வியர்ப்பது, மூக்கடைப்பு ஆகியவை அடையாளங்கள். காயத்துக்குக் கீழே தோல் வெளிறி, மயிர் சிலிர்த்து நிற்கும். என் வழக்கமான மேல் அழுத்தம் 100ஐ ஒட்டியே இருக்கும். அது 130 ஆனால் எனக்கு ஆபத்து. ‘நார்மல்தானே’ என்று கருவியை மூடி வைத்தவர்களும் உண்டு! வழக்கத்தைவிட 20 முதல் 40 வரை கூடினாலே அபாயம் என்று கொள்ளுங்கள். வழக்கமான அளவைச் சக்கர நாற்காலியின் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

முதல் வேலை, நிமிர்த்தி உட்காரவைத்துக் கால்களைத் தொங்கவிடுவது. படுக்கவைக்கவே கூடாது, படுத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். பெல்ட், ஷூ, வயிற்றுப்பட்டை, காலில் கட்டிய சிறுநீர்ப் பையின் வார் எல்லாவற்றையும் தளர்த்துங்கள்.

அடுத்தது சிறுநீர்க் குழாய். பெரும்பாலும் குற்றவாளி இங்கேதான் சிக்கும். கண்ணால் பார்த்தால் போதாது. உடலிலிருந்து வெளிவரும் இடம் தொடங்கிப் பை வரை விரல்களால் தடவிக்கொண்டே போங்கள். தொடைக்கு அடியில் நசுங்கியிருக்கலாம், முறுக்கியிருக்கலாம், பை நிரம்பியிருக்கலாம். உள்ளே அடைத்திருந்தால் பழகியவர் உடனே மாற்ற வேண்டும். குழாய் போடாதவருக்கு, மரத்துப்போகச் செய்யும் ஜெல் தடவிக் குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். அடிவயிற்றை அமுக்காதீர்கள். இதற்கிடையே 2 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரில் கோளாறில்லை என்றால் மலம் கட்டியிருக்கலாம். விரல் படுவதே அழுத்தத்தை ஏற்றும் என்பதால், அதே ஜெல்லைத் தடவிச் சில நிமிடம் பொறுத்துத்தான் சோதிக்க வேண்டும். பிறகு தோல்: படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால்நகம், துணி மடிப்பு. ஒருமுறை எனக்குச் சாக்ஸின் தடித்த தையல் போதுமானதாக இருந்தது.

காரணம் பிடிபடாமல் மேல் அழுத்தம் 150ஐத் தொட்டால், மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தந்த மருந்தைக் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். கடந்த 24 மணி நேரத்தில் சில்டெனாஃபில் (ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை) சாப்பிட்டிருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும்; அதோடு, ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரேட் மருந்து சேர்ந்தால் அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. காலையில் படுக்கையிலிருந்து எழுப்பி உட்காரவைத்ததும் அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். அப்போது நாற்காலியைப் பின்னால் சாய்த்துக் கால்களை உயர்த்த வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது: முகம் சிவந்து தலை வலித்தால் நிமிர்த்துங்கள், வெளிறித் தலை சுற்றினால் சாய்த்துவிடுங்கள்.

எல்லாம் அடங்கிய பிறகும் குறைந்தது 2 மணி நேரம் அழுத்தத்தை அளந்துகொண்டிருங்கள். மூல காரணம் நீங்காமல் இருந்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் அழுத்தம் மறுபடி ஏறும்.