சபையில் மனஸ்தாபம் வந்தால்

சண்டை வந்ததும் உபவாச ஜெபம் அறிவிப்பதில்தான் நமக்கு அவசரம். அதற்கு முன் சம்பந்தப்பட்டவரைத் தனியாகப் போய்ப் பாருங்கள். மத்தேயு 18:15 சொல்லும் முதல் படி அதுதான். வாட்ஸ்அப்பில் வசனம் போட்டுக் குத்துவது அதில் சேராது.

ஜெப நேரத்தில் கவனமாயிருங்கள். "சிலருடைய பெருமையை உடைத்துப் போடும் ஆண்டவரே" என்று ஒருவர் மைக்கில் ஆரம்பித்தால், யாரைச் சொல்கிறார் என்று சபைக்கே தெரியும். மூப்பராகிய நான் உடனே ஒரு பாட்டை எடுத்துவிடுவேன்! வரவு செலவுக் கூட்டத்தில் "கர்த்தர் சொல்லுகிறார்" என்று யாராவது எழுந்தாலும், மற்றவர்கள் அதைச் சோதித்து நிதானிக்கட்டும் (1 கொரிந்தியர் 14:29).

பணம், பந்தி பற்றிய புகாரா? அப்போஸ்தலர் 6-ஐ எடுங்கள். ஆதி சபையில் தங்கள் விதவைகள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுத்தவர்கள் கிரேக்கு மொழி பேசிய யூத விசுவாசிகள். பந்தியைக் கவனிக்கத் தெரிந்தெடுக்கப்பட்ட 7 பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். அதுபோல நீங்களும் குறை சொன்ன தரப்பிலிருந்தே ஒருவரைக் காணிக்கை எண்ண உட்கார வையுங்கள்.