இடப்பாதிச் சோறு தட்டிலேயே இருக்கிறதா?

பக்கவாதத்துக்குப் பின் ஒருவர் தட்டின் வலப்பாதியை மட்டும் சாப்பிட்டு எழுந்தால், உடனே கண்ணைக் குறை சொல்லாதீர்கள்; மூளை இடப்புறத்தைக் கவனிக்காமல் விடுவதாகவும் இருக்கலாம். இடது பெருமூளை அரைக்கோளம் (மூளையின் இடப்பாதி) பெரும்பாலும் வலப்புறத்தையே கவனிக்கும். வலது அரைக்கோளம் இரு புறத்தையும் பார்த்துக்கொள்ளும். அதனால் வலது அடிபட்டால் இடப்புறத்தைக் கவனிக்க ஆளில்லை.

இதைச் சோதிக்க, ஏ4 தாளைக் குறுக்காக வைத்து நடுவில் 20 செ.மீ. கோடு போடுங்கள். கோட்டின் நடு அவர் மூக்குக்கு நேரே இருக்கட்டும். மையத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். சில மில்லிமீட்டர் பிசகு எல்லோருக்கும் வரும். திரும்பத் திரும்ப வலப்பக்கமே வெகுதூரம் தள்ளிக் குறித்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாளை அவர் வலப்பக்கம் நகர்த்த விடாதீர்கள், பிசகு குறைந்துவிடும். 2 செ.மீ. குட்டிக் கோடும் ஏமாற்றும்: சிலர் அதில் இடப்பக்கம்கூடக் குறிப்பார்கள்.